தீவைக் காட்ட ஓர் ஆள்

வத்திராயிருப்பிலிருந்து ராமேஸ்வரம் போவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தெருவில் பன்னிரண்டு பேர் சேர வேண்டும். வேன் பேச வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு ஏறினால், கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் பாதிப் பேர் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்கள். விருதுநகர், அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் எல்லாம் இருட்டிலேயே கடந்து போய்விடும். பாம்பன் பாலத்தில் டிரைவர், "எல்லாரும் எந்திரிங்க, கடல் வந்திருச்சு" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அப்புறம் அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் 22 தீர்த்தம், ஈரத்துணி மாற்றி தரிசனம், ஓட்டல் சாப்பாடு, தனுஷ்கோடியில் இருபது நிமிஷம், சங்குக் கடையில் ஒரு மணி நேரம். நடுராத்திரிக்குள் வீடு. போக 200 கிலோமீட்டருக்கு மேல், வர 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் முடித்துவிட்டோம் என்கிற பெருமை வேறு.

சாமி கும்பிடப் போனோம், கும்பிட்டோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ராமேஸ்வரம் ஒரு தீவு. நாம் பார்த்துவிட்டு வருவது ஒரு கோயிலையும் ஒரு கடைத்தெருவையும்தான். தீவைக் காட்டுவதற்கு நம்மோடு ஆள் யாரும் வருவதில்லை.

இந்த நினைப்பு எங்கள் வீட்டில் வந்ததற்குக் காரணம் ஸ்காட்லாந்து. என் அத்தையின் பேத்தி கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அவளுடைய மாமனாரும் மாமியாரும் அங்கே போயிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி. அவர்களை 'ஸ்கை' என்கிற தீவுக்கு ஒரு நாள் கூட்டிப்போக, இன்வர்னஸ் என்ற ஊரில் தங்கி, வண்டியோடு ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்தாள். வண்டி ஓட்டுபவரும் அவர்தான், கதை சொல்பவரும் அவர்தான். வேறு யாரும் அந்த வண்டியில் ஏற மாட்டார்கள். இப்படித் தனியாக ஒரு நாளைக்கு அமர்த்தினால், நம் ஊர்ப் பணத்துக்கு அரை லட்சத்தைத் தாண்டிவிடும். கேட்டதும் அத்தைக்கு மூச்சே நின்றுவிட்டது.

ஆனால் அவள் வீடியோ காலில் சொன்ன கதைதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தீவுக்கும் பாம்பன் மாதிரி ஒரு பாலம் இருக்கிறது. 1995-ல் கட்டியது. அதில் வாங்கிய சுங்கக் கட்டணத்தை எதிர்த்து ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2004-ல்தான் அது ஒழிந்தது. 'ஸ்டார்' என்ற மலையில் ஒரு கிழவன் நிற்பது போல ஒற்றைப் பாறை இருக்கிறது. அங்கே போனபோது வழிகாட்டி வானத்தையும் மாமனாரின் முழங்காலையும் பார்த்துவிட்டு, "இன்றைக்கு ஏற வேண்டாம். இங்கிருந்து பார்த்தாலே முழுசாகத் தெரியும்" என்று சொல்லிவிட்டாராம். கில்ட் ராக் என்ற செங்குத்துப் பாறைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பாவாடை மடிப்பு போலக் கோடு கோடாக இருக்கும், பக்கத்தில் ஓர் அருவி நேராகக் கடலிலேயே விழும்.

அதன் பிறகு, எந்தப் பலகையும் இல்லாத ஒரு புல்வெளியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். இடுப்பளவுக் கல் சுவர்கள் நாலைந்து மட்டும் நின்றன. "இது ஓர் ஊர்" என்றாராம். சுமார் 200 வருஷத்துக்கு முன்னால், ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று ஜமீன்தார்கள் குடியானவர்களை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். கப்பல் ஏறிக் கனடா, ஆஸ்திரேலியா என்று போனவர்கள் ஏராளம். 1882-ல் அதே தீவில் ப்ரேஸ் என்ற இடத்தில், கைது செய்ய வந்த போலீஸோடு பெண்களும் சேர்ந்து மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். 1886-ல் குடியானவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. "வெறும் புல்லுன்னு நெனச்சுத் தாண்டிப் போயிருப்போம் ஆச்சி. அவர் சொன்ன பிறகு அந்தச் சுவரைத் தொட்டுப் பாத்துட்டு வந்தோம்" என்றாள் பேத்தி.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள். "ஏன்த்தா, தனுஷ்கோடியில அப்படி வண்டியை நிறுத்திக் காட்டுறதுக்கு ஆள் கிடையாதா?"

அத்தைக்கு 74 வயது. ராமேஸ்வரத்துக்கு மட்டும் பத்துத் தடவைக்கு மேல் போயிருப்பாள். எல்லாம் அந்தப் பன்னிரண்டு பேர் வேன்தான். ஆனால் அவள் கேட்டதில் வேறொரு விஷயம் இருந்தது. என் தாத்தா, அதாவது அவளுடைய அப்பா, கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். 1959-ல் அவர் திரும்பிப் போனபோது, அத்தையையும் பாட்டியையும் தனுஷ்கோடி வரைக்கும் கூட்டிப்போனார். அத்தைக்கு அப்போது எட்டு வயது. ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்தில் கப்பல். அப்பா துண்டை ஆட்டிக்கொண்டே போனது மட்டும் ஞாபகம். 1962-ல் கொழும்பிலேயே காலமாகிவிட்டார். தந்திதான் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்த ஊரையே கடல் கொண்டுபோய்விட்டது.

அந்த இடம் எங்கே என்று வேன் டிரைவர்களிடம் அவள் கேட்டிருக்கிறாள். "எல்லாம் போச்சும்மா, இப்ப வெறும் மணல்தான்" என்ற பதிலோடு வண்டி அரிச்சல்முனைக்குப் போய்விடும். செல்ஃபி, இருபது நிமிஷம், ஹாரன்.

அத்தையின் மகன், எனக்கு அத்தான் முறை, மெதுவாக விசாரிக்க ஆரம்பித்தார். ராமநாதபுரத்தில் தெரிந்த ஓர் ஆசிரியர் மூலம் ஒருவர் கிடைத்தார். ஐம்பதைத் தாண்டியவர், தனுஷ்கோடி மீனவக் குடும்பம், இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். அவர் பெயரை நான் இங்கே எழுதக் கூடாதாம். "எழுதுனீங்கன்னா எல்லாரும் எனக்கே போன் போடுவாங்க. மத்த பயலுக என்ன செய்வானுங்க?" என்றார்.

போனிலேயே அவர் எங்களை நாலு கேள்வி கேட்டார். எத்தனை பேர், வயசு என்ன, யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா, எதற்காக வருகிறீர்கள். கடைசிக் கேள்விக்கு அத்தான் விஷயத்தைச் சொன்னதும், "அப்ப அமாவாசை, சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய் வாங்க" என்றார். கூலியும் அப்போதே சொல்லிவிட்டார். அத்தானுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. "வண்டி நம்ம வண்டி, டீசல் நம்ம டீசல். கூட வந்து பேசுறதுக்கா இவ்வளவு?" என்றார். இந்தக் கேள்வி நம் எல்லோருக்குள்ளும் இருப்பதுதான். டயருக்கும் டீசலுக்கும் பணம் கொடுக்க நாம் யோசிப்பதில்லை. ஓர் ஊரை ஐம்பது வருஷம் மனசுக்குள் வைத்திருப்பவருக்குக் கொடுக்கத்தான் கை வருவதில்லை. அத்தைதான் முடித்து வைத்தாள். "என் தோட்டைக்கூட வித்துக்கோ. பேரம் பேசாதே."

தோட்டை விற்கும்படியான தொகை ஒன்றும் இல்லை. ஆட்டோவில் அவர் ஒரு நல்ல நாளில் சம்பாதிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்றரை மணிக்குக் காரில் கிளம்பினோம். விடியும் நேரத்தில் மண்டபம் தாண்டினோம். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாமல் வரச் சொல்லியிருந்தார். நிறுத்திப் படமெடுப்பவர்களால்தான் அங்கே நெரிசலும் விபத்தும். பாம்பனில் ஏறிக்கொண்டு, கீழே கரைக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து பாலங்களைக் காட்டினார். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே தூக்கும், அதை ஆட்கள் கையாலேயே கம்பியைச் சுற்றித் திறப்பார்கள் என்றார். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. 1964 புயலில் பழைய பாலம் சிதைந்தபோது, ஸ்ரீதரன் என்கிற இளம் இன்ஜினீயர் 46 நாளில் அதைச் சரிசெய்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன்தான். எத்தனை முறை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறோம், இதெல்லாம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முதலில் தனுஷ்கோடி, அப்புறம் கோயில் என்றார். அத்தைக்கு மனசு ஒப்பவில்லை.

"சாமியைப் பாக்காம வேற எங்க தம்பி போறது?"

"வெயில் ஏறிட்டா மணல்ல உங்களால கால் வைக்க முடியாதும்மா. கோயில் ஒரு மணிக்கு சாத்தி மூணு மணிக்குத் தொறப்பாங்க. சாயங்காலம் சாவகாசமாக் கும்பிடலாம். சாமி அங்கயேதான் இருக்கும்."

காரில் பாட்டுப் போடாமல் ரேடியோவைத் திருப்பினார். 'கடல் ஓசை'. பாம்பனில் மீனவர்களே நடத்தும் சமுதாய வானொலி, 2016-லிருந்து ஒலிபரப்பாகிறது. காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தது. எங்கள் டிரைவர் தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நாள் முழுக்க மாற்றவே விடவில்லை.

போகிற வழியில் இடப்பக்கக் கடலைப் 'பெண் கடல்' என்றார், வலப்பக்கத்தை 'ஆண் கடல்'. இடப்பக்கம் வங்காள விரிகுடா, அன்றைக்குக் குளம் போலக் கிடந்தது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா, சீறிக்கொண்டிருந்தது. "ஐப்பசி, கார்த்திகையில வந்து பாருங்க. வாடைக்காத்து அடிக்கும்போது பொம்பளைதான் ஆடுவா, ஆம்பளை சும்மா இருப்பான்" என்று சிரித்தார். அத்தைக்கும் சிரிப்பு.

இப்போது முனை வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது. 2017-ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அங்கிருந்து உள்ளூர்க்காரர்களின் வேனில், ஈர மணலிலும் தண்ணீரிலும்தான் போக வேண்டும். இவரும் அப்படி ஒரு வேன் ஓட்டியவர்தான். "அப்ப எங்களை விட்டா வேற வழி கிடையாது. வண்டி மணல்ல மாட்டுனா தள்ளிக்கிட்டே கதை சொல்வோம். ரோடு வந்துச்சு, எல்லாரும் அவங்கவங்க வண்டியில போறாங்க. நல்லதுதான். ஆனா கதை கேக்குறதுக்கு யாரும் நிறுத்துறது இல்ல." குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலத்தான் சொன்னார்.

பழைய ஊரில் மற்ற வண்டிகள் நிற்கிற இடத்தைத் தாண்டி நிறுத்தினார். எல்லோரும் படமெடுக்கிற தேவாலயச் சுவருக்கு முதலில் போகவில்லை. மணலில் அத்தையின் கையைப் பிடித்து மெதுவாக நடத்தி, செங்கல்லும் பவளக்கல்லுமாக நிற்கிற ஒரு சுவரின் நிழலில் உட்கார வைத்தார். "இது ஸ்டேஷன் பக்கம்மா. இங்க இருந்து தண்டவாளம் கப்பல் துறை வரைக்கும் போகும். மெட்ராஸ் எழும்பூர்ல ஏறுனா நேரா இங்க வந்து கப்பல் மாறலாம். இர்வின், கோஷன்னு ரெண்டு கப்பல் தலைமன்னாருக்கு ஓடுச்சு."

"எந்தப் பக்கம் தம்பி கப்பல் நிக்கும்?"

அவர் கையைக் காட்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அலை உடைகிற இடத்துக்கு அப்பால் ஒரு மீன்பிடிப் படகு. "துறை இருந்த எடம் கடலுக்குள்ள போயிருச்சும்மா. எங்கப்பா காட்டிக் குடுத்ததைத்தான் நான் உங்களுக்குக் காட்டுறேன்."

1964 டிசம்பர் 22 ராத்திரியைப் பற்றிச் சொன்னார். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊருக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் அலையில் சிக்கியது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஒருவரும் தப்பவில்லை. விடிந்தபோது ஊரே இல்லை. அரசாங்கம் இது மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தது. ஆனாலும் மீன்பிடிக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டன. இவருடைய அப்பாவும் அப்படி வந்தவர்தான். அந்தக் குடிசைகளின் பக்கத்தில் மணலில் ஓர் ஊற்று தோண்டியிருந்தார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தண்ணீரோ உப்பே இல்லை. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கடல் தண்ணீரின் மேலே மிதந்து நிற்குமாம். அதனால் ஆழமாகத் தோண்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மொள்ள வேண்டும். ஒரு பெண் செம்பில் மொண்டு கொடுத்தார். அத்தை குடித்தாள். பிறகு மீதியைக் கையில் ஊற்றிக்கொண்டு, கப்பல் நின்ற திசையைப் பார்த்து மணலில் விட்டாள். எள்ளும் இல்லை, மந்திரமும் இல்லை. அவளாகச் செய்தது.

கடலில் கால் நனைக்க வேண்டும் என்றாள். கணுக்கால் வரைக்கும் கூட்டிப்போனார். அடுத்த அடி வைத்தபோது முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வேண்டாம்மா. இங்க தரை திடீர்னு இறங்கும், தண்ணி இழுக்கும்." அந்தப் பக்கம் இளவட்டங்கள் சிலர் இடுப்பளவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் போய் அதட்டிக் கரையேற்றிவிட்டு வந்தார். அவர்கள் யாரும் அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் இல்லை.

அங்கே ஒன்றே கால் மணி நேரம் இருந்தோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. காரில் ஏறிய பிறகு அத்தை சொன்னாள்: "இத்தனை வருஷமா அக்னி தீர்த்தத்துல நின்னு கெழக்க பாத்துக் கும்பிட்டிருக்கேன். எங்கப்பா போனது இந்தப் பக்கம்." அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கூலியைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாகவே நடந்தது. கோதண்டராமர் கோயிலில் விபீஷணனுக்குப் பட்டம் கட்டிய கதை. அந்தப் புயலில் தப்பி நின்ற கோயில் அது. கரையில் ஓரிடத்தில் கடல்பாசி காயவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் நிறுத்தினார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிக் கடலுக்கு அடியில் போய்ப் பாறையிலிருந்து பிய்த்து வருகிறார்கள். ஐஸ்க்ரீமிலும் ஜெல்லியிலும் கெட்டியாக இருப்பதற்குச் சேர்ப்பது இதிலிருந்து எடுப்பதுதான் என்றதும் டிரைவர் தம்பி நம்பவில்லை. கலாம் வீட்டுக்கு ஒரு எட்டு. மூன்று மணிக்குக் கோயில். செவ்வாய்க்கிழமை என்பதால் 22 தீர்த்தமும் நெரிசலில்லாமல் ஆடினோம். சங்குக் கடையைப் பற்றி அவரே சொன்னார்: "கூட்டிட்டுப் போனா எனக்குக் கமிஷன் உண்டு, மறைக்கல. வேணும்னா போலாம்." போகவில்லை.

இதைப் படிக்கும்போது எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி ஏற வருகிறவர்களுக்கு நாம்தான் அந்தத் தீவுக்காரர்கள். தாணிப்பாறையில் வந்து இறங்குகிறவர்களுக்கு, மேலே மேகம் கறுத்தால் கீழே வெயில் அடித்தாலும் ஓடையில் எந்த நேரமும் தண்ணீர் வரும் என்பது தெரியாது. நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். 2015 மே மாதம் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் மலையேறியவர்கள் உயிரை விட்டார்கள். இன்றைக்கும் வெளியூர் வேன்கள் வருகின்றன, ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். இது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற மலை, சாம்பல் அணில் வாழ்கிற காடு என்று சொல்ல ஆள் இல்லை. பிளவக்கல் அணைக்குப் போனால் எந்தக் கரையில் நின்றால் மலை முழுசாகத் தெரியும் என்று காட்டவும் ஆள் இல்லை. படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் தெருவிலேயே எத்தனை பேர்! ஸ்காட்லாந்தில் இதற்கென்று படித்துப் பரீட்சை எழுதி, நீலப் பட்டை குத்திக்கொண்டு தொழிலாகச் செய்கிறார்கள். வனத்துறையின் நேரத்துக்கும் விதிக்கும் உட்பட்டு இங்கேயும் செய்ய முடியும்.

நீங்கள் ராமேஸ்வரத்துக்கு இப்படிப் போக நினைத்தால், பேருந்து நிலையத்தில் ஓடி வருகிறவரிடம் உடனே பேசி முடிக்காதீர்கள். தெரிந்தவர் மூலம் விசாரியுங்கள். அல்லது சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். கூலி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், கடைக்குப் போவதா வேண்டாமா, இதையெல்லாம் போனிலேயே பேசிவிடுங்கள். முக்கியமாக, எதற்காக வருகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். நாளின் வரிசையை அவரிடம் விட்டுவிடுங்கள். தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு இருக்க விடமாட்டார்கள், அதனால் காலையே நல்லது. தொப்பி, தண்ணீர், மாற்றுத்துணி, வீட்டில் கட்டிய இட்லி. அங்கே வறுத்த மீன் வாசனை ஆளைத் தூக்கும். கோயிலுக்குப் போகிற நாளில் எங்கள் டிரைவர் தம்பி பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பிரியும்போது அவர், "தை, மாசியில வாங்கம்மா, பூநாரை வரும். கூட்டம் கூட்டமா நிக்கும்" என்றார். 2025-ல் அந்தப் பகுதியை அரசு பூநாரை சரணாலயமாகவே அறிவித்திருக்கிறது. அத்தை அவருடைய நம்பரைத் தன் போனில் 'தனுஷ்கோடி தம்பி' என்று பதிந்து வைத்திருக்கிறாள். போன வாரம் கிளாஸ்கோவிலிருந்து பேத்தி கூப்பிட்டு, "ஆச்சி, அடுத்த கோடைக்கு வாங்க, உங்களையும் ஸ்கைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"வரலாம்" என்றாள் அத்தை. "அந்தச் சுவரைக் காட்டுனாரே, அதே தம்பி வருவாரா, கேட்டுச் சொல்லு."